இருமலில் இருந்த குரல்

எங்கள் ஊர்க் கடற்கரையில் படகோட்டப் போட்டி நடந்தால் ஒலிவாங்கி என் கையில்தான் இருக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர் வேலை பார்த்தாலும் நேர்முக வர்ணனைதான் என் பெருமை. வல்வெட்டித்துறையில் நான் வாய் திறந்தால் தொண்டைமானாறு வரை கேட்கும் என்று பகிடி பண்ணுவார்கள்.

ஒரு மாரிகாலத்தில் தடிமனும் காய்ச்சலும் வந்தன. காய்ச்சல் விட்டது; குரல் வரவில்லை. வெறும் கிசுகிசுப்புத்தான். கொத்தமல்லி அவித்துக் குடித்தும் உப்புத் தண்ணீரில் கொப்பளித்தும் மாதங்கள் போயின. கனடாவிலிருந்து அழைக்கும் மகள், லைன் கட்டாகிவிட்டதென்று நினைத்து வைத்துவிடுவாள். புற்றுநோயாக இருக்குமோ என்ற பயத்தை நானும் மனைவியும் ஒருவருக்கொருவர் சொல்லவேயில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காது மூக்குத் தொண்டை வைத்தியர் மெல்லிய கமராக் குழாய் ஒன்றை மூக்கு வழியாக விட்டுப் பார்த்தார். திரையில் என் குரல்நாண்கள் இரண்டு வெள்ளை நாடாக்களாகத் தெரிந்தன. கட்டியோ புண்ணோ இல்லை, இரண்டும் நன்றாக அசைகின்றன, பேச முயலும்போது மட்டும் சேர மறுக்கின்றன என்றார். மனைவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒன்றுமில்லையென்றால் என் குரல் எங்கே?

அவர் என்னைப் பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்பினார். என் மகளின் வயதுதான் அந்தப் பெண்ணுக்கு இருக்கும். "ஆ" என்று நீட்டச் சொன்னாள், காற்றுத்தான் வந்தது. கழுத்தை விரல்களால் அழுத்திப் பார்த்தாள். தசைகள் கல்லாக இறுகியிருந்தன. பிறகு இருமச் சொன்னாள். இருமினேன்.

"ஐயா, உந்தச் சத்தத்தைக் கேட்டனீங்களோ? உது உங்கடை குரல்தான்."

அப்படியென்றால் நான் நடிக்கிறேனா என்று கிசுகிசுத்தேன்.

"இல்லை ஐயா. தொண்டை நொந்த நேரம் தெண்டிச்சு, தொண்டையை இறுக்கிக் கதைச்சிருக்கிறீங்கள். தசை பிழையாப் பழகிப்போச்சு. திரும்பப் பழக்குவம்."

கழுத்தின் இரு பக்கமும் மெதுவாக நீவிவிட்டாள். இருமலின் வாலைப் பிடித்து "ம்" என்று இழுக்கச் சொன்னாள். பலமுறை தவறியது. பிறகு திடீரென உதடுகள் அதிர்ந்தன. "ம்" "மா" ஆனது, "மா" "மாம்பழம்" ஆனது. வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த மனைவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"பிள்ளை, ஆர் உள்ளுக்கை கதைக்கிறது?"

"நான்தானப்பா," என்றேன்.

அவள் கதவைப் பிடித்தபடியே நின்று அழுதாள்.

அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. சில காலைகளில் குரல் மறுபடி நழுவும். கிசுகிசுக்கவே கூடாதென்பது சிகிச்சையாளரின் கட்டளை. தண்ணீர்க் கோப்பைக்குள் குழல் வைத்துக் குமிழி விட்டபடியே முனகிப் பழகினேன். மெல்ல மெல்லக் குரல் நிலைத்தது.

அடுத்த படகோட்டப் போட்டிக்கு வர்ணனை செய்யும்படி, அதை நடத்தும் கழகத்துப் பொடியள் தயங்கித் தயங்கித்தான் கேட்டார்கள். சம்மதித்தேன். கத்தாமல், ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டப் பிடித்து, மூச்சை இறக்கி ஆரம்பித்தேன். கடைசித் திருப்பத்தில் நீலப் படகும் சிவப்புப் படகும் ஒட்டியபடி வந்தன. துடுப்புக்குத் துடுப்புச் சொன்னேன். கரை முழுக்க எழும்பி நின்றது. நீலம் முந்தியதும் என் குரல் ஏறியது, உடையாமல், சனத்தின் ஆரவாரத்துக்கும் மேலாக.

மறுநாள் காலை எழும்பியதும் பயத்தோடு மனைவியிடம் தேநீர் கேட்டேன். முழுக் குரலில் கேட்டேன்.