கால் போன வினைச்சொல்

சீட்டைக் கையில் பிடித்தபடி எர்மினியா ஸ்கார்பா எழுந்துவிட்டார். சன்னலிலிருந்து கதவுவரை நடக்கிறார். நடந்துகொண்டே சீட்டிலுள்ள லத்தீன் வரியை உரக்கச் சொல்கிறார். திரும்பி வந்து, அதே வரியை உட்கார்ந்தும் சொல்லிப் பார்க்கிறார். "கால் நகருதா, நகரலையா?" என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார்.

பதுவா நகரத்து லத்தீன் அகராதி அலுவலகத்துக்கு இந்த நடை பழகிப்போன ஒன்று. எதிர்மேசைத் தாதேயோ தலையைக்கூடத் தூக்குவதில்லை.

"ஒரு வினைச்சொல்லுக்காகச் செருப்பைத் தேய்ச்சவ உலகத்திலேயே நீ ஒருத்திதான்."

"நீ நாற்காலியைத்தானே தேய்க்கிற? சும்மா இரு."

எர்மினியாவிடம் பன்னிரண்டு ஆண்டுகளாக இருப்பது 'போ' என்னும் வினை. பழைய லத்தீனில் அது முதலில் காலால் போவதுதான்: குளிக்கப் போனான், தூங்கப் போனான். இன்னொரு வினையின் பக்கத்திலேயே நின்று நின்று அது மெல்லக் காலை இழந்தது. எண்ணமும் எச்சரிக்கையும் மிஞ்சின. மழை பெய்யப் போகிறது என்கிறோமே, மழை எங்கே நடந்தது? அதுபோலத்தான். பழைய நூல்களின் மேற்கோள் வரி ஒவ்வொன்றும் ஒரு சீட்டில் இருக்கும்; கால் உள்ள சீட்டுகளை இடப்பக்கமும் கால் போனவற்றை வலப்பக்கமும் அவர் அடுக்குவார். தீர்மானிக்க முடியாததை அச்சொல்லின் கட்டின்மேல் குறுக்காக வைப்பது அலுவலக வழக்கம். குறுக்குச் சீட்டு ஒன்று இருந்தாலும் கட்டு அச்சுக்குப் போகாது. அதைத் தீர்த்து முடிப்பவரின் பெயர்ச் சீட்டுதான் கட்டின்மேல் செருகப்படும். அந்த ஒரு பெயரே அகராதியில் அச்சாகும்.

ஒரே ஒரு சீட்டு குறுக்கே கிடந்தது. பெயர் தெரியாத நாடகமொன்றின் துணுக்கு. தாய் மகனிடம் சொல்கிறாள்: "உன்னையே அழிச்சுக்கப் போறியே!" மகன் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தானா, வீட்டுக்குள் உட்கார்ந்தே கெட்டுக்கொண்டிருந்தானா? அடுத்த வரி எங்கும் கிடைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை எர்மினியாவுக்குப் பணியில் கடைசி நாள். அவரைவிட மிக இளையவரான இயக்குநர் லொரெதான், கட்டைக் கட்ட நூலோடு வந்து நின்றார். எர்மினியாவின் பெயர்ச் சீட்டை அவரே எழுதிக் கட்டின்மேல் செருகியிருந்தார்.

"சிஞோரா, ஏதாவது ஒரு பக்கம் வெச்சிடுங்க. இல்லேன்னா திங்கட்கிழமை இதை வேற யார்கிட்டயாவது கொடுத்தாகணும். அவங்க பேர்தான் வரும். எனக்கு மனசு கேக்கல."

"வலப்பக்கம் போடு, எர்மினியா," என்றார் தாதேயோ. அன்று அவர் குரலில் கேலி இல்லை. "அந்தம்மா செத்து ரெண்டாயிரம் வருஷமாச்சு. சண்டைக்கு வரமாட்டா."

"வரமாட்டா. அதனாலதான்."

எர்மினியா எழுந்தார். கதவுவரை நடந்து, நிலையில் கையை ஊன்றி அந்த வரியைச் சொன்னார். திரும்பி வந்து, உட்கார்ந்து, இன்னொரு முறை சொன்னார். லொரெதான் கையில் நூல் தொங்கியது.

சீட்டை மறுபடியும் குறுக்காகவே வைத்தார். பிறகு கட்டின்மேலிருந்த தன் பெயர்ச் சீட்டை உருவி, கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டு, கழுத்துவரை பொத்தான்களை மாட்டினார்.