உப்புக் கேக்கில் இன்னொரு துண்டு

தெருவில் அவளை ஓவன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஓவன் ஒன்றும் பெரிய சீமைச் சாமான் அல்ல. யாரோ வீடு காலி செய்யும்போது விட்டுப்போனது. கதவு ஒழுங்காகச் சாத்தாது, நாலாய் மடித்த துணியைச் செருகித்தான் இறுக்க வேண்டும். இடது பக்கம் சூடு அதிகம், அதனால் பாதி வேக்காட்டில் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும். மழை நாளில் அது ஒரு மாதிரி நடக்கும், வெயில் நாளில் வேறு மாதிரி. அதனோடு மல்லுக்கட்டுவதற்கே ஒருத்திக்குப் பிறவிக் கோபம் வேண்டும். நம் ஓவன் அக்காவுக்கு அது தாராளமாகவே இருந்தது.

சோதனை என்று இறங்கிவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். உருளைக்கிழங்கை மசித்துப் போட்டு ஒரு கேக், ஆரஞ்சைத் தோலோடு வேகவைத்து அரைத்து ஒரு கேக், முட்டையே இல்லாமல் ஒன்று, மாவே இல்லாமல் ஒன்று. பாதி உருப்படும், பாதி உருப்படாது. ஒரு தடவை அவள் சுட்ட பிஸ்கட்டைக் கடித்துவிட்டு எதிர்வீட்டுத் தையல்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல் டாக்டரிடம் ஓடினார்.

எது உருப்பட்டது, எது உருப்படவில்லை என்று தீர்ப்புச் சொல்பவர் மாமியார். அந்த அம்மாள் வாயில் நல்ல வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. "இது கேக்கா, பாத்திரம் தேய்க்கிற பஞ்சா?" என்பார். "சாம்பல்ல சீனி கலந்த மாதிரி இருக்கு" என்பார். மருமகளுக்குச் சுருக்கென்று ஏறும். பாத்திரங்களை டங்கு டங்கென்று போடுவாள், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் மாவைச் சலிப்பாள். இரண்டாவது தடவை சுட்டதையும் மாமியார் பாராட்டமாட்டார். ஆனால் தட்டில் கிடக்கும் தூளை விரலால் ஒற்றியெடுத்து வாயில் போட்டுக்கொண்டார் என்றால், அது தேறிவிட்டது என்று அர்த்தம். அவளிடம் நன்றாக வந்த பலகாரம் ஒவ்வொன்றும் அப்படி வயிற்றெரிச்சலில் பிறந்ததுதான்.

அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியவளுக்கு உடம்பு தேறியது, மூக்கு தேறவில்லை. இனிப்பு தெரியும், உப்பு தெரியும், புளிப்பும் கசப்பும் தெரியும். வாசனை மட்டும் துப்புரவாக இல்லை. பக்கத்து அடுப்பில் பால் தீய்ந்து புகையும்போதுகூட முட்டையை நிம்மதியாக அடித்துக்கொண்டு நின்றாள். வெனிலா எசன்ஸும் தண்ணீரும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். இதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு என்று அவருக்குக் கேட்கும்படியே சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டில் மூன்று பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். பஸ் ஓட்டும் புருஷன், கல்லூரிக்குப் போகும் மகள், மாமியார்.

"என் மூக்கு படுத்துடுச்சு. இனிமே உங்க மூணு பேர் மூக்கை வெச்சுத்தான் நான் அடுப்பு பத்த வைக்கணும். இருக்கறதை இருக்கற மாதிரி சொல்லுங்க. போதும்."

மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள்.

அடுத்த வாரம் வாழைப்பழக் கேக் ஒன்று சுட்டாள். மாமியார் ஒரு விள்ளல் வாயில் போட்டார். மென்றார். "நல்லா இருக்கும்மா" என்றார்.

இவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காத்திருந்த வார்த்தை. பாத்ரூமுக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுதாள். அன்றிலிருந்து எதைச் சுட்டாலும் நல்லா இருக்கு, அருமையா இருக்கு, பிரமாதம். புருஷன் டப்பாவில் போட்டு டிப்போவுக்கு எடுத்துப்போவார், காலி டப்பாவோடு வந்து, "பசங்க போட்டி போட்டுத் தின்னுட்டானுங்க" என்பார். உச்சி குளிர்ந்துபோயிருந்தாள் பாவி.

அந்தக் குளிர்ச்சியில்தான் தெருமுனைப் பேக்கரிக்குப் போகும் துணிச்சல் வந்தது. அங்கே கண்ணாடிப் பெட்டியில் ஒரு தட்டு காலியாகக் கிடந்தது. ருசி ஒத்துவந்தால் வாராவாரம் அவளிடமே கேக் வாங்கிக்கொள்கிறேன் என்றார் பேக்கரிக்காரர். அந்தத் தட்டு அவளுக்கு எதற்கு? சொந்தக்காரர்கள் தின்றுவிட்டுச் சிரிப்பதை அவள் வாழ்நாள் முழுக்கப் பார்த்தாயிற்று. யார் செய்தது என்றே தெரியாத ஒருத்தர் ஒரு துண்டு வாங்கித் தின்றுவிட்டு, மறுநாள் அதையே தேடி வர வேண்டும். அந்த ஒன்று போதும் அவளுக்கு.

சீனியைப் பாகாக்கிச் சிவக்கவிட்டு, வால்நட்டைப் பொடித்துப் போட்டு ஒரு கேக் செய்தாள். வால்நட் மூட்டை புருஷன் ஆசையாகத் தூக்கி வந்தது. ஓவனுக்கு மேலே பலகையில் இருந்தது. வீட்டில் மூன்று பேரும் தின்று பார்த்து ஆஹா ஓஹோ என்றார்கள். பேக்கரிக்காரர் ஒரு வாய் கடித்தார். மென்றவர் பாதியில் நிறுத்தினார். கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைக்கிற சாக்கில் துப்பியதை அவள் பார்த்துவிட்டாள்.

"வீட்ல யாரும் சாப்பிட்டுப் பாக்கலையாம்மா?" என்றார்.

"பாத்தாங்களே. நல்லா இருக்குன்னாங்க."

நல்ல மனிதர். "சனிக்கிழமை இன்னொண்ணு செஞ்சு கொண்டு வாங்க. அதுவும் சரி வரலன்னா வேற ஆள் பாத்துக்கறேன், தப்பா நெனைக்காதீங்க" என்று அனுப்பிவைத்தார்.

வழி நெடுக அவளுக்கு யோசனை. பேக்கரிக்காரருக்கு நாக்கு சரியில்லையா, வீட்டில் இருக்கிறதுகளுக்கு நாக்கு சரியில்லையா? மாமியாருக்கா? சாம்பாரில் ஒரு கல் உப்பு கூடினால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்படி சொல்கிற மனுஷிக்கா நாக்கு சரியில்லை?

மறுநாள் எல்லாருக்கும் விடுமுறை. சாயங்காலம் தேநீரோடு ஒரு கேக்கை அறுத்து வைத்தாள். பார்க்க லட்சணமாக இருந்தது. சீனி போட வேண்டிய இடத்தில் அளவு பிசகாமல் உப்புப் போட்டிருந்தாள். நிறத்துக்குத் தேநீர் டிகாக்ஷன். சோடா மாவு ஒரு கை தாராளம். எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

புருஷன் கடித்தார். அவர் கண் ஒரு நிமிஷம் நிலைகுத்தி நின்றது.

"எப்படிங்க இருக்கு?"

"ம். அருமை."

"இனிப்பு சரியா இருக்கா?"

"கரெக்டா இருக்கு."

மகள் வாயில் வைத்ததும் தேநீர்க் கோப்பையைத் தூக்கி ஒரே மடக்காகக் குடித்தாள். "சூப்பர்மா" என்றாள், தொண்டை கமற.

மாமியார் மட்டும் முகத்தில் ஒரு சுருக்கம் காட்டவில்லை. மெதுவாக மென்று, விழுங்கி, துண்டு முழுவதையும் முடித்தார். தட்டை நீட்டினார். "நல்லா இருக்கும்மா. இன்னொரு துண்டு குடு."

அவ்வளவுதான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"வைங்க தட்டைக் கீழ. பிரஷர் மாத்திரை போடுற மனுஷி, உப்பை அள்ளித் தின்னுட்டு இன்னொரு துண்டு கேக்கறீங்களா?" தட்டைப் பிடுங்கினாள். "அதுல சீனி ஒரு துளி கிடையாது. அத்தனையும் உப்பு. இனிப்பு கரெக்டா இருக்காம். யாருக்குக் காது குத்தறீங்க?"

"உன் மனசு நோகக்கூடாதுன்னுதான்..." என்று ஆரம்பித்தார் புருஷன்.

"உங்க பஸ்ல பிரேக் பிடிக்கலன்னு வெச்சுக்கோங்க. டிரைவர் மனசு நோகும்னு மெக்கானிக் மூடி மறைச்சா அவனைச் சும்மா விடுவீங்களா? டிப்போல போட்டி போட்டுத் தின்னாங்கன்னீங்களே, அது?"

அவர் திருதிருவென்று விழித்தார். "அங்க ஒரு நாய் இருக்கு" என்றார் கடைசியில்.

"அதுவும் மோந்து பாத்துட்டுப் போயிடுச்சுன்னு சொன்னீங்களேப்பா" என்ற மகள், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அவள் மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேசிய அன்றே புருஷன் வீட்டில் சொல்லிவைத்தாராம். பாவம், மூக்கு வேறு போய்விட்டது, எது செய்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள் என்று. பாவமாம். அந்தச் சொல்தான் அவளுக்கு உள்ளங்காலிலிருந்து எரிந்தது. இத்தனை மாதமாக அவள் வேர்த்து வடிந்து சுட்டது அத்தனையும் குப்பையிலும் நாய்க்கும் போயிருக்கிறது. தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள், அவளும் குனிந்து காட்டியிருக்கிறாள்.

எல்லாவற்றையும்விட அவளுக்கு ஆறாத இடம் ஒன்று இருந்தது. மாமியார் பக்கம் திரும்பினாள்.

"நீங்களுமா அத்தை? ஒரு நாள் வாயைத் திறந்து நல்லா இருக்குன்னு சொல்லமாட்டீங்களான்னு நான் காத்துக்கிடந்தேன். சொன்னீங்க. பாத்ரூம்ல போய் அழுதேன், தெரியுமா உங்களுக்கு? அதுவும் பொய்யா?"

"என் பையன் என்கிட்ட எதுவும் கேட்டதில்ல. இதைக் கேட்டான்" என்றார் மாமியார். அப்புறம், "அதைத் தின்னுட்டு வாயை மூடிட்டு இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்று முணுமுணுத்தார்.

அந்த வாரம் ஓவன் ஜில்லென்று கிடந்தது. அவள் யாரிடமும் பேசவில்லை. சோறு வைப்பாள், குழம்பு வைப்பாள், கரண்டியைத் தட்டில் மோதுகிற சத்தத்தில் மற்றதைப் புரிந்துகொள்ள வேண்டும். புருஷன் நடுவில் வழிந்துகொண்டு வந்து பார்த்தார். கிணற்றில் போட்ட கல்லாக இருந்தாள்.

சனிக்கிழமை காலை மாவை எடுத்தாள். பலகை மேலிருந்த வால்நட் மூட்டைக்குக் கை நீட்டும்போது பின்னால் குரல் கேட்டது.

"அதைத் தொடாதே. சிக்கு நாத்தம் அடிக்குது. ஓவன் சூட்டுல எண்ணெய் கெட்டுப்போயிருக்கு. இத்தனை நாளா கிட்ட வரவே முடியல."

மாமியார்தான். வாசலில் நின்ற புருஷன், "நான் பாத்து வாங்கினது..." என்றார்.

"நீ பேசாதே" என்றார்கள் மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில்.

மூட்டை அப்படியே குப்பைக்குப் போயிற்று. மகள் ஓடிப்போய்ப் புதிதாக வாங்கி வந்தாள். பாகு காய்ச்சும்போது மாமியார் கூப்பிடாமலே வந்து அடுப்பருகே நின்றார். சட்டிக்கு மேலே மூக்கை நீட்டி, "இன்னும் இல்ல, இன்னும் இல்ல, இப்ப இறக்கு" என்றார். இறக்கினாள். நன்றியெல்லாம் சொல்லவில்லை, சொல்கிற மனநிலையிலும் இல்லை.

கேக் வெந்து ஆறியது. ஓரத்தில் அறுத்து நீட்டினாள். மாமியார் மென்றார்.

"அடி காந்தியிருக்கு."

"எங்க காந்தியிருக்கு?" கேக்கைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியும் மேலும் ஒரே பாகு நிறம். ஒரு துண்டு வாயில் போட்டாள். லேசான கசப்பு. அது சிவந்த பாகின் கசப்பா, தீய்ந்த கசப்பா என்று பிரித்துச் சொல்ல நாக்கு மட்டும் போதாது, மூக்கு வேண்டும். அவளுக்குக் குப்பென்று ஏறியது. போன வாரம் வரை பொய்யாகப் புகழ்ந்தவர். நாம் கத்தின கத்தலுக்குப் பயந்து இப்போது பொய்யாகக் குறை சொல்லவில்லை என்று என்ன நிச்சயம்? இனி இந்த வீட்டில் யார் சொல்வதைத்தான் நம்புவது? இன்னொன்று சுட நேரமும் இல்லை. அதிலேயே பாதியை அறுத்துப் பெட்டியில் வைத்து, கதவை அறைந்து சாத்திவிட்டுக் கிளம்பினாள்.

பேக்கரிக்காரர் கடித்தார். இந்தத் தடவை கைக்குட்டையைத் தேடவில்லை. முழுசாக விழுங்கினார்.

"நல்லா இருக்கும்மா."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு வயிறு எரிந்தது. "அதை விடுங்க. என்ன குறை, அதைச் சொல்லுங்க."

அவர் தயங்கினார். இன்னொரு விள்ளலை மூக்கருகே கொண்டுபோனார். "கோச்சுக்காதீங்க. அடியில லேசா காந்தல் வாடை வருது. கீழ இன்னொரு தட்டு சேத்து வெச்சா சரியாயிடும். அடுத்த வாரத்துலேருந்து கொண்டு வந்துடுங்க."

கடைசியில் சொன்னது அவள் காதில் பாதிதான் விழுந்தது. பேக்கரிக்காரருக்கு எதிரே, நடுக்கடையில், முந்தானையால் கண்ணை அழுத்திக்கொண்டாள். சின்னக் குறைக்கே இந்த அம்மாள் அழுகிறாரே என்று அந்த மனிதர் பதறிப்போனார்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் அடுக்களையில் மிச்சக் கேக்குத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொன்னான்?"

"அடி காந்தியிருக்காம்."

"அதைத்தானே காலைல நான் சொன்னேன்? என் பேச்சை இந்த வீட்ல யாரு மதிக்கறா?"

"சரி சரி, சும்மா கத்தாதீங்க. கீழ ரெண்டு தட்டு வெச்சுச் சுடறேன், அப்ப வந்து மோந்து பாருங்க" என்று இவளும் கத்தினாள்.

கத்திக்கொண்டே மாவு டப்பாவைத் திறந்தவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். மாமியார் முணுமுணுத்தபடி, தட்டில் கிடந்த தூளை விரலால் ஒற்றி ஒற்றி வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.