மூன்று பிடி மண்

சவூதியின் தம்மாமில் ஒரு கடையின் கிடங்கில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த காலையில் காயல்பட்டினத்திலிருந்து காக்கா கூப்பிட்டார். என் மூத்த அண்ணன். அவர் அழுது அதுவரை நான் கேட்டதில்லை.

"வாப்பா மவுத்தாயிட்டாங்க. சாயங்காலம் அஸர் தொழுதுட்டு அடக்கம். ஒனக்காவ காத்திருக்கவா?"

மறுநாள் அதிகாலையில்தான் விமானம். அடக்கம் செய்யாமல் மையித்தைக் காக்க வைப்பது வாப்பாவுக்கே பிடிக்காது. "வேண்டாம் காக்கா" என்றேன். அதன்பிறகு உட்கார முடியவில்லை. கிடங்கைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். மதியம் நானே கூப்பிட்டு, "ஒரு நாள் வையுங்களேன்" என்றேன்.

"குளிப்பாட்டி கபன் துணி இட்டாச்சுல. இனி எப்படி?"

ஊர் சேர்ந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே வாப்பாவை அடக்கிய மையவாடிக்குப் போனேன். காக்கா வாசலில் நின்றார். உள்ளே புதிதாக மண் குவித்த இரண்டு கபுறுகள். எது வாப்பாவுடையது என்று கேட்க வெட்கமாக இருந்தது. கபுறு தோண்டுகிறவர் தானாகவே கைகாட்டினார்.

"நானும் மூணு பிடி மண் போடலாமா?"

"போடுங்க தம்பி. நேத்து போட்டது மட்டுந்தான் மண்ணா?"

போட்டேன். ஆனால் நகர முடியவில்லை. அடக்கிவிட்டுத் திரும்புகிறவர்களின் காலடிச் சத்தம் மையித்துக்குக் கேட்குமாம். அதன்பிறகு மலக்குகள் என்ற வானவர்கள் வந்து கேள்வி கேட்பார்களாம். வாப்பாவிடம் நேற்றே கேட்டு முடித்திருப்பார்கள். இருந்தும் எழுவேன், நாலடி வைப்பேன், திரும்பி வந்து உட்காருவேன்.

"வாலே, உம்மா தேடுதாங்க" என்றார் காக்கா.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கொதிக்கும் மணலில் வெறுங்காலோடு பைய நடந்தேன். காக்காவும் செருப்பைக் கழற்றினார்.

உம்மா உள்ளறையில் இத்தா இருந்தார். நான்கு மாதம் பத்து நாள் துக்கம்; வெளியே வர மாட்டார். கட்டிக்கொண்டு அழுவார் என்று நினைத்தேன்.

"அங்கன நிழல் இருக்கா? அவங்களுக்கு வெயில் ஆகாதே."

நான் கவனிக்கவேயில்லை. இருக்கிறது என்று சொல்லவும் வாய் வரவில்லை. "பாத்துட்டு வாரேன் உம்மா" என்று மறுபடி கிளம்பினேன்.

சுவரோரத்து வேம்பின் நிழல் பக்கத்துக் கபுறு வரைக்கும்தான் விழுந்திருந்தது. நகர்ந்து வருமா என்று அஸர் பாங்கு சொல்லும்வரை நின்றேன். வரவில்லை. உம்மாவிடம் அப்படியே சொன்னேன்.

"அப்ப நீ போறதுக்குள்ள அங்கன ஒரு வேப்பங்கன்னு வச்சிட்டுப் போ" என்றார்.