கடுக்காய்க் கொட்டை

கல்வராயன் மலையில் ஒரு சாலை வளைவில் கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். பக்கத்தில் கடுக்காய் மரத்தடியில் ஓர் அக்கா, காய்ந்த காய்களைப் பாறையில் வைத்துக் கல்லால் தட்டுகிறார். சதை சாக்குக்கு, கொட்டை கூடைக்கு. எனக்கா தெரியாது? இருபது வருடமாகக் கடுக்காய்ப் பொடி சாப்பிடுகிறவன் நான். அதைச் சொல்லிக்கொண்டே, கேட்காமல் நானும் ஒரு கல்லை எடுத்து உட்கார்கிறேன். நன்றாகவே உடைகிறது.

பஸ் ஹாரன் கேட்கிறது. பையை எடுக்கிறேன்.

"கொட்டையெல்லாம் எங்க போட்டீங்க சார்?"

பேச்சு மும்முரத்தில் எல்லாவற்றையும் சாக்கிலேயே போட்டிருக்கிறேன்.

"கொஞ்சம்தான்க்கா கலந்திருக்கும்."

அவர் கோபப்படவில்லை. சாக்கைப் பாறையில் கவிழ்க்கிறார்.

"மருந்துக்குப் போறது சார். கொட்டையோட அரைச்சா ஒடம்புக்கு ஆவாது. நீங்க துன்ற பொடியும் இந்த மாதிரி ஒரு சாக்குலேர்ந்து வந்ததுதான்."

பஸ் வந்து நிற்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பாதிக் குவியலை என் பக்கம் தள்ளிவிட்டு, டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார்.

"நீ போ தம்பி. சார் சாயந்தர வண்டியில வருவாரு."