பட்டியலில் முதல் பெயர்

ஷிரானி டீச்சர் உட்கார்ந்து தேநீர் குடித்து நான் பார்த்ததில்லை. காலில் சக்கரம் கட்டியவள். மாத்தளைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் அவள் இரண்டாம் மொழி சிங்களம் படிப்பிக்கிறாள், நான் கணிதம். இந்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு சிங்களப் பயிற்சிச் செயலியைக் கொண்டுவந்தாள். பிள்ளைகள் வீட்டுப் போனில் பாடம் செய்தால், யார் எவ்வளவு செய்தார்கள் என்ற பட்டியல் அவளுடைய போனில் வரும். அன்றோடு அவளுடைய கொஞ்சநஞ்ச நிம்மதியும் போயிற்று. இடைவேளையிலும் போன், பஸ்ஸிலும் போன்.

"அல்லாவே, ஒங்களுக்குப் பைத்தியம் பிடிக்கப் போகுது" என்றேன்.

"நிஷ்மியா, இங்க பாருங்க. சர்மிளா மூணு கிழமையா ஸ்கூலுக்கு வரல. ஆனா பட்டியல்ல மொதல் பேரு அவளோடது. கேட்டுச் சொல்ற பாடம் எல்லாம் முழுப் புள்ளி. எழுதுற பாடம் ஒண்ணுகூடச் செய்யல. அவ எழுத்து முத்துமுத்தா இருக்குமே!"

தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை வரவு இடாப்பிலிருந்து வெட்டச் சொல்லி, வகுப்பாசிரியையான ஷிரானியை அதிபர் தினமும் நச்சரித்தார். ஷிரானி சிவப்புப் பேனாவை எடுப்பாள், போனைப் பார்ப்பாள், பேனாவை மூடிவிடுவாள். கடைசியில் அதிபர், "நாளைக்கு நானே வெட்டுறேன்" என்றுவிட்டார். பாடசாலை விட்டதும் ஷிரானி என்னையும் இழுத்துக்கொண்டு திரீவீலில் ஏறினாள். வழியெல்லாம் அவள் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.

லயத்து வாசலில் சர்மிளாவின் அம்மா அழகம்மா உட்கார்ந்திருந்தார். கொழுந்து பறித்து மலையிலிருந்து வந்து கால்கூடக் கழுவவில்லை. கையில் போன். அது சிங்களத்தில் சொல்லச் சொல்ல, திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் போனை முந்தானைக்குள் மறைத்தார்.

"சர்மிளா எங்க?" ஷிரானி உட்காராமலே கேட்டாள்.

"தம்புள்ளையில, டீச்சர். அவ அக்காவுக்குக் கொழந்த பொறந்திருக்கு. நாப்பது நாளைக்கு ஒத்தாசைக்குப் போயிருக்கா."

"அப்ப இந்தப் பாடம் எல்லாம்?"

அழகம்மா தலையைக் குனிந்துகொண்டார். "நாந்தான். எனக்கு எழுத வராது, காதால கேட்டுக் கேட்டுச் சொன்னேன். கொழுந்து கொறஞ்சா எங்களுக்கு அரைப் பேருதானே போடுறாங்க, சம்பளமும் பாதிதான். பாடம் கொறஞ்சா புள்ள பேர வெட்டிருவீங்கன்னு..."

"இந்தப் பட்டியல் வேற, இடாப்பு வேற" என்றாள் ஷிரானி.

எனக்கு அவள் மேல் ஆத்திரம் வந்தது. இதையா முதலில் சொல்வது? அழகம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

"அப்ப வெட்டிட்டீங்களா?"

ஷிரானி அவர் பக்கத்தில், அந்தப் படியில், உட்கார்ந்தாள்.

"வெட்டல. நீங்க செஞ்ச பாடத்தப் பார்த்துப் பார்த்துத்தான் வெட்டாம வச்சிருக்கேன். நாளைக்கு அவ வரணும்."

 அழகம்மா போனை எடுத்துத் தம்புள்ளைக்கு, சர்மிளாவுக்கு அடித்தார்.

"அக்காவுக்கு ஒத்தாசைக்கு நான் வர்றேன். மலையில என் பேரு போனாப் போகட்டும். நீ விடிஞ்சதும் மொதல் பஸ்ஸப் புடி. ஒன் பேரு இன்னும் இருக்கு."