ஜன்னல் கயிறும் நாலு விரலும்

போன வாரம் என் நாலு விரல்கள் ஒரு இன்டர்வியூவுக்குப் போய்வந்தன.

ஜெகதளா என்ற எங்கள் மலைக்கிராமத்தில் பக்கத்து வீட்டு ரம்யாவுக்கு, ஆராய்ச்சிப் படிப்புக்காக ஆன்லைன் இன்டர்வியூ. அவள் வீட்டில் மழை வந்தால் நெட் போய்விடும். "அக்கா ஊட்டுலதான் நெட்டு நிக்கும்" என்று என் வீட்டுக்கு வந்துவிட்டாள். இது தவறினால் பேங்க் கோச்சிங்தான் — டீ ஃபேக்டரி கிளார்க்கான அவள் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

இன்டர்வியூ அவளுக்கு. ஓடியாடியது நான். காற்றில் ஜன்னல் அடித்துக்கொள்ளுமே என்று கயிறு போட்டுக் கட்டினேன். விசில் அடிக்குமே என்று குக்கரை இறக்கினேன். எட்டாவதோடு நின்றவள் வேறு என்ன உதவி செய்ய?

இன்டர்வியூ தொடங்கியதும், அவள் தயாரித்த படங்கள் கேள்வி கேட்பவர்கள் பக்கம் திறக்கவே இல்லை. முகம் மட்டும் தெரிகிறதாம்.

"பரவால்லம்மா, தமிழ்லயே சும்மா சொல்லு" என்றார் ஒருவர்.

ரம்யா என்னைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். போய்க் கயிற்றை அவிழ்த்து வந்தாள்.

"இந்தக் கயிறு டிஎன்ஏ. ஒவ்வொரு விரலும், அது சுத்திக்கற ஹிஸ்டோன்ங்கற புரதம் ரெண்டு சேர்ந்த ஜோடி." கயிற்றைத் தன் கையில் விரல் விரலாகச் சுற்றினாள். "நம்ம செல்லுல நாலு ஜோடியோட ஒரு உருண்டை முடிஞ்சிரும். அடுத்தது தள்ளித்தான். ஆர்க்கியாங்கற நுண்ணுயிர்கள் சிலதுல நிறுத்தமே இல்லீங்க. ஜோடிக்குப் பக்கத்துல ஜோடி சேர்ந்துக்கிட்டே போகும்..."

விரல் தீர்ந்துவிட்டது.

"ஏனுங்கக்கா, கை குடுங்க."

கொடுத்தேன். அவள் விரல்களை ஒட்டி என் விரல்கள். சுற்று தொடர்ந்தது. அத்தனை நீளக் கயிறு ஒரு சாண் ஸ்பிரிங் ஆகிவிட்டது.

"இவ்வளவு இறுக்கினா செல் அதை எப்படிப் படிக்கும்?" — அந்தப் பக்கத்துக் கேள்வி. என் கவலையும் அதேதான்.

"அங்கங்க விரியும்ங்க சார். மறுபடி மூடிக்கும். அக்கா, கையை லேசாத் தள்ளுங்க."

தள்ளுவேனா? தள்ளினால் அவிழும், அவிழ்ந்தால் சீட் போகும்... இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

"விடுங்கக்கா. ஒண்ணும் ஆவாது."

"அந்த ஹிஸ்டோன் ரொம்பப் பயப்படுதே" என்றார் அந்தப் பக்கம் ஒரு அம்மா. சிரிப்பு.

விட்டேன். நடுவில் சுற்றுகள் விலகின. திரும்பச் சேர்ந்தன. எதுவும் அவிழவில்லை. அவ்வளவு நேரமும் ஜன்னல் அடித்துக்கொண்டுதான் இருந்தது — யாரும் கண்டுகொள்ளவில்லை.

நேற்று ரம்யாவின் அப்பா வர்க்கி பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தார். சீட் கிடைத்துவிட்டது.

பிடித்துக்கொள்ள யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடுவதற்குத்தான் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது, இல்லையா?

ஜன்னலை மறுபடி கட்டிவிட்டேன். கொஞ்சம் தளர்வாக.