பாட்டுக்காரிக்கு ஒரு நாற்காலி

எங்கள் நாகலூரில் அட்டை என்றால் மழைக்காலத்தில் காலில் ஏறி ரத்தம் குடிப்பதுதான். பத்திரிகைக்கும் அட்டை உண்டு, அதுவும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்யும் என்பது எனக்குப் பதினோரு வயதில் தெரியவந்தது.

அது எண்பதுகளின் தொடக்கம். அம்மாவின் தம்பியான மாமா, எஸ்டேட் ஆட்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு பாட்டுக்குழு நடத்தினார். கோயில் விசேஷங்களில் தபேலா வாசிப்பார். குழுவின் பெயர் பரவட்டும் என்று, பாட்டைப் பற்றியே ஒரு கையெழுத்துப் பத்திரிகை தொடங்கினார். ஒரே பிரதி; வீடு வீடாகச் சுற்றி வரும். பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து சோப்பு டப்பா பரிசு வாங்கியவள் என்பதால் அட்டைப்படம் என் தலையில் விழுந்தது. உள்ளே என் பெயரைப் போடுவதாகவும் மாமா சொல்லியிருந்தார்.

மைக்கின் முன்னால் ஒரு பெண் நின்று பாடுவதாக வரைந்தேன். பாடுகிற வாயை வரைவது லேசில்லை. அழித்து அழித்துத் தாளே பஞ்சாகிவிட்டது.

“நல்லாத்தான் இருக்குது கண்ணு. தபேலாவக் காணமே?” என்றார் மாமா. தபேலா வந்தது. “நம்ம ஊருன்னு எப்படித் தெரியும்? பின்னால மலை வெய்யி சாமி,” என்றார் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர். மலை வந்தது. அப்பாவுக்குச் சேலையின் சிவப்பு கண்ணைக் குத்தியது. நீலமாக்கினேன். ஒவ்வொரு தடவையும் புதுத் தாள், புது முகம். கடைசியில் பாட்டுக்காரி கொட்டாவி விடுவது போல ஆகிவிட்டாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அம்மாவிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. காப்பிப் பழம் பறிக்கிற சீசன் அது. காலையில் போனால் நாளெல்லாம் சரிவில் நின்று பறித்துவிட்டுப் பொழுது சாயத்தான் வருவாள். அன்று வந்ததும், முழங்காலைப் பிடித்துக்கொண்டே என் பக்கத்தில் குனிந்து பார்த்தாள்.

“ஏஞ்சாமி, இந்தப் புள்ள எத்தன நேரமா நின்னு பாடுது?”

“கச்சேரி முடியற வரைக்கும் நிக்கோணும்மா.”

“உக்காந்து பாடுனா ஆகாதா?”

இன்னொரு திருத்தம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதோடு முடியட்டும் என்று புதுத் தாள் எடுத்தேன். எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது. ரைட்டரின் ஆபீசில் பார்த்ததை நினைவில் வைத்து ஒன்று வரைந்து, அதில் அவளைச் சாய்ந்து உட்கார வைத்தேன்.

மறுநாள் மாமா அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “ஏங்கண்ணு, இவ பாட வந்தவளா, பஸ்ஸுக்குக் காத்திருக்கறவளா?”

பழைய காலண்டரிலிருந்து வெட்டிய வீணைப் படத்தை ஒட்டிக்கொண்டு பத்திரிகை வெளிவந்தது. என் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

நான் கசக்கி எறிந்த படத்தை அம்மா எடுத்து நீவி, சோற்றுப் பருக்கையால் அடுப்படிச் சுவரில் ஒட்டினாள்.

“நொம்ப நல்லா உக்காந்திருக்கறா,” என்றாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள்.

நாற்காலியை நான் வரைந்த விதம் அவளுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. அப்புறம் வெகு நாட்களுக்கு, அம்மா சந்தோஷப்படுவாள் என்று, விதவிதமான நாற்காலிகளாகவே வரைந்து தள்ளினேன்.